இருபது நாளில் மூன்று கரு

தொழிற்சாலையில் நாலேகாலுக்கு டீ இடைவேளை விடுவார்கள். பத்தே நிமிடம். அதில் முதல் நிமிடம் தங்கைக்கு என்று பெரியவள் ஒதுக்கிவைத்திருந்தாள். போன் போடுவாள். பேசுவதற்கு விஷயம் ஒன்றும் இருக்காது.

"கிளம்பிட்டியா?"

"கிளம்பிட்டேன்க்கா."

"குடை இருக்கா?"

"இருக்கு."

அவ்வளவுதான். சின்னவள் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடமாக நடக்கிற பேச்சு. நாலு மாதமாக அது நின்றுபோயிருந்தது. நாலேகாலுக்குப் போட்டால் போன் அணைந்திருக்கும். நாலே முக்காலுக்குத்தான் உயிர் வரும். கேட்டால், "சார்ஜ் தீர்ந்துடுச்சுக்கா" என்பாள். அவள் வீட்டுக்கு வந்ததும் பெரியவள் அந்தப் போனை எடுத்துப் பார்ப்பாள். அறுபது சதவீதம் இருக்கும். ஒரு நாள் எழுபத்திரண்டு.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் விட்டுவிடலாம். பெரியவள் காலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். எண்பத்தாறு வேலை நாளில் எண்பத்தொரு நாள்.

புள்ளி வைப்பது அவளுக்குப் பழகிய வேலை. சட்டை தைக்கிற அந்தத் தொழிற்சாலையில் அவள் கடைசி மேசையில் செக்கிங் பார்க்கிறாள். தைத்து முடித்த சட்டையை விளக்குக்குக் கீழே விரித்து, காலர், தோள், கை, காஜா என்று விரலை ஓட்டுவாள். பிசிறு நின்றால் வெட்டுவாள். தையல் விட்டிருந்தால் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். அவள் கையைத் தாண்டிப் போன சட்டை திரும்பி வந்ததாக இன்றுவரை பேச்சில்லை. படிப்பு எட்டாவதோடு நின்றது. அப்போது அம்மா போய்விட்டாள். தங்கைக்கு வயது ஐந்து. அதற்குப் பிறகு சின்னவளுக்குத் தலை பின்னியதும், கணக்குச் சொல்லிக்கொடுத்ததும், காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும், லேப் படிப்பில் சேர்த்துவிட்டதும் அவள்தான். "என் தங்கச்சி லேப்ல இருக்கா, இந்த வருஷம் நிரந்தரம் ஆயிடும்" என்று தெரியாத ஆளிடம்கூடச் சொல்லிவிடுவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இரண்டு நிறுத்தத்துக்குள் அதைத் தெரிந்துகொண்டுதான் இறங்குவார்கள்.

அப்படிப்பட்ட தங்கை பொய் சொல்கிறாள். அதுதான் பெரியவளுக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது. பொய் சொல்கிற அளவுக்கு அவளுக்கு என்ன வந்தது? தன்னிடம்கூடச் சொல்லக் கூடாததா?

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது முதல் தடயம் கிடைத்தது.

சின்னவளின் வெள்ளைக் கோட்டுக் கையை உள்பக்கம் திருப்பினாள். மடிப்புக்குள் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. ரத்தம் பிடிக்கிற சோதனைக் குழாயில் ஒட்டுகிற லேபிள்தான். இரண்டு விரல் நீளம், ஒரு விரல் அகலம். நோயாளியின் பெயரோ எண்ணோ இல்லை. மேலே தேதி மட்டும் அச்சாகியிருந்தது. கீழே பால்பாயிண்ட் பேனாவில் பொடி எழுத்து. சின்னவளின் எழுத்து.

*கரு தங்கவில்லை. காரணம் நானேதான்.*

பெரியவள் அதை இரண்டு முறை படித்தாள். லேபில் நூறு பேருக்குச் சோதனை நடக்கும், யாரோ ஒரு பாவப்பட்ட பெண்ணின் விஷயமாக இருக்கும் என்று மனசைத் தேற்றினாள். ஆனால் மனசு தேறவில்லை. யாரோ ஒருத்தி என்றால் எண் எங்கே? 'நானேதான்' என்பது எங்கிருந்து வந்தது?

அதன் பிறகு கோட்டை அவள் துவைப்பதற்கு முன்னால் துழாவ ஆரம்பித்தாள். பாக்கெட், காலர் மடிப்பு, விளிம்புத் தையல் எல்லாம். இரண்டாவது லேபிள் பாக்கெட்டின் அடியில் கசங்கிக் கிடந்தது.

*பன்னிரண்டு நாள் சுமந்தேன். இன்று கலைத்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை.*

பெரியவள் ஈரக் கையோடு அப்படியே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே கணவர் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக் அவர். "ஏம்மா, தண்ணி வீணாப் போகுது பாரு" என்று குரல் கொடுத்தார். குழாயை மூடினாள். அவரிடம் சொல்லவில்லை. அவருக்குச் சின்னவள் மேல் சொந்தத் தங்கைபோலப் பிரியம். சொன்னால் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். யாரை அடிப்பது என்று பிறகுதான் கேட்பார்.

யாரை என்பதுதான் அவளுக்கும் தெரியவில்லை. லேப் பொறுப்பாளரா? மீசையைத் தடவித் தடவிப் பேசுகிற ஆள். லிப்ட் ஓட்டுகிறவனா? போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "அக்கா, மூணாவது மாடிதானே?" என்று அவள் வாயைத் திறப்பதற்குள் கேட்டான். அவனுக்கு எப்படித் தெரியும் இவள் சின்னவளின் அக்கா என்று? நினைக்க நினைக்க ஆஸ்பத்திரியில் மீசை வைத்த எல்லாரும், வைக்காத எல்லாரும் சந்தேகத்துக்குரியவர்களாகப் போய்விட்டார்கள்.

செக்கிங் மேசையில் அவளுக்கு எதிரே நிற்கிறவளுக்கு ரேடியோ என்று பெயர். அவளிடம் சொன்னால் மதியத்துக்குள் நாலு லைனுக்கும் கேட்கும். அதனால் பெரியவள் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு. தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் போனை அணைச்சு வெச்சுடுதாம். என்னவா இருக்கும்?"

ரேடியோ காலரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரிஞ்ச பொண்ணுன்னா வீட்டுப் பொண்ணுதானே?"

"சேச்சே, பக்கத்துத் தெரு."

"பக்கத்துத் தெருவுக்கு நீ எதுக்கு வேர்க்குற? போன் அணைஞ்சிருந்தா பக்கத்துல ஆள் இருக்குன்னு அர்த்தம். இதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு!"

அந்த வாரம் மூன்றாவது லேபிள் கிடைத்தது.

*புதிய கரு. பலமாக இருக்கிறது. இதையாவது காப்பாற்ற வேண்டும். அக்காவுக்குத் தெரியக் கூடாது.*

கடைசி வரிதான் ஊசியாக இறங்கியது. அக்காவுக்குத் தெரியக் கூடாது. ஊருக்குத் தெரியக் கூடாது என்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

மறுநாள் பெரியவள் அரை நாள் விடுப்புக் கேட்டாள். சூப்பர்வைசர் சீட்டை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "உங்களுக்கா? உடம்பு சரியில்லையா?" பதினேழு வருடத்தில் அவள் கேட்கிற முதல் அரை நாள் அது.

மூன்றரைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். லேப் வாசலுக்கு எதிரே ரத்தம் கொடுக்க வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளே ஏதோ மெஷின் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. தொலைபேசி அடித்தது. ஒலிபெருக்கி யாரையோ கூப்பிட்டது. கண்ணாடி வழியே சின்னவள் தெரிந்தாள். ஒரு குழாயில் லேபிள் ஒட்டுவதற்குள் மூன்று பேர் அவளைக் கூப்பிட்டார்கள். மூன்று பேருக்கும் தலையை ஆட்டினாள்.

நாலு மணிக்குச் சின்னவள் கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள். போனை அணைத்து அலமாரிக்குள் போட்டுப் பூட்டினாள். பிறகு வாசல் பக்கம் வராமல் நடைபாதையின் கோடிக்குப் போனாள். அங்கே ஒரு பக்கப் படிக்கட்டு. பெரியவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். மேல்மாடியில் கால் உடைந்த நாற்காலி, சக்கரம் கழன்ற தள்ளுவண்டி எல்லாம் போட்டுவைக்கிற அறை. சின்னவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெரியவள் கதவில் காதை வைத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தங்கையின் குரல், மெதுவாக:

"போகாத. போனா திரும்பி வர மாட்ட, எனக்குத் தெரியும்."

பதில் இல்லை. ஆம்பளை வாய் திறக்கவில்லை. திறப்பானா!

"சரி, போறதுன்னா போ. குடையை மட்டும் வெச்சிட்டுப் போ."

பெரியவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். "எங்கடி அவன்?"

சின்னவள் ஒரு நாற்காலியில், காலில்லாத பக்கத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு அட்டை. அட்டையில் ஒரு லேபிள். கையில் பேனா. அறையில் வேறு யாருமில்லை. பெரியவள் தள்ளுவண்டிக்குப் பின்னால்கூடக் குனிந்து பார்த்தாள்.

"அக்கா? நீ எப்படி இங்க?"

"மறைச்சு மறைச்சு எத்தனை தடவைடி? மூணு கரு! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? மூணு கரு!" குரல் உடைந்து கூரையில் மோதியது. மூன்று லேபிளையும் மாரிலிருந்து எடுத்து நீட்டினாள்.

சின்னவள் லேபிள்களைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அவள் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. பிறகு என்னவோ ஆகி, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, தேதியைப் பாத்தியா?"

"தேதி என்னடி தேதி?"

"நாலாம் தேதி. பத்தொம்பதாம் தேதி. இருபத்திமூணாம் தேதி. இருபது நாள்ல மூணு. நான் என்ன முயலா?"

பெரியவள் லேபிள்களை வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்பு எழுத்தில், கோணலில்லாமல், மூன்று தேதி. சட்டையில் ஒரு தையல் விட்டாலும் பிடித்துவிடுகிறவள் அதைப் பார்க்காமலே இருந்திருக்கிறாள்.

"கதைக் கருக்கா. கதை எழுதறேன். ஒரு கதைக்கு உள்ள இருக்குமே, அந்த விஷயம். அதைக் கருன்னுதான் சொல்வாங்க."

ஒன்பதாவதில் சொல்லிக்கொடுத்திருப்பார்களோ என்னவோ. அவள் எட்டோடு நின்றவள்.

"கதையா?" என்றாள். முழுசாக நம்பவில்லை. கதை எழுதுகிறவர்கள் மேசை போட்டு எழுதுவார்கள். உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து லேபிளில் எழுதுவார்களா? "எங்க, காட்டு."

"மாட்டேன்."

"அப்ப பொய்."

"அக்கா, பாதி தச்ச சட்டையை யாராச்சும் உன் மேசைக்கு அனுப்புவாங்களா? ஒரு கை இருக்கு, இன்னொரு கை இல்ல. நீ என்ன பண்ணுவ? அம்பு ஒட்டுவ. ஒட்டினா அப்புறம் அதை எவ தைப்பா?"

பெரியவள் கையிலிருந்த லேபிள்களின் கசங்கலை விரலால் நீவினாள்.

"காலையிலேருந்து மெஷின் கத்துது. போன்ல நாப்பது குரூப்பு. வீட்டுக்கு வந்தா டிவி, மாமா, மேல்வீட்டுக் குழந்தை. ஒரு நெனப்பு முழுசா ஓடி முடியறதுக்குள்ள யாராச்சும் வந்து தோளைத் தட்டிடறாங்க. பெரிசா எழுதணும்னு உக்காந்தா பயமா இருக்கு. ரோல் மாத்தும்போது முதல் ரெண்டு லேபிள்ல தேதி மட்டும்தான் வரும், கிழிச்சுப் போடறதுதான். அதுல பதினஞ்சு வார்த்தை பிடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு லேபிள். அது வரைக்கும் பயமில்ல."

"எங்கிட்ட ஏன் மறைச்ச?"

சின்னவள் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "பதினாலு வயசுல ஒண்ணு எழுதினேனே. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா! பெரியவளின் வாழ்க்கையில் அதைவிடப் பெருமையான நாள் இல்லை. நோட்டில் எட்டுப் பக்கக் கதை. அதைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் லைன் லைனாகக் காட்டினாள். எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தினாள். ஆண்டு விழாவில் மைக் முன்னால் தங்கையை நிறுத்திப் படிக்க வைத்தாள். நானூறு பேர் கைதட்டினார்கள்.

"அப்புறம் ஒரு வருஷம், தெருவுல பாக்கிறவங்க எல்லாம் 'அடுத்த கதை எப்போ, அடுத்த கதை எப்போ'ன்னு கேட்டாங்க. நீயும் கேட்ட. எனக்கு ஒண்ணுமே வரல. பதினாலு வருஷம் வரல. இப்பதான் வருது."

வெளியே ஏதோ நகர்ந்தது. பெரியவள் திரும்பினாள். திறந்துகிடந்த கதவருகே துடைப்பமும் வாளியுமாக ஒரு அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "ஒண்ணுமில்ல, தரை துடைக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, தரையைத் துடைக்காமலே இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை அந்த அறைக்குப் பூட்டுத் தொங்கியது. தரை துடைக்கிற அம்மாள் லேப் பொறுப்பாளரிடம் என்ன சொன்னாளோ, அவர் மீசையைத் தடவிக்கொண்டே, பொம்பளைப் பிள்ளைகள் தனியாகப் போகிற இடமில்லை அது என்று உத்தரவு போட்டுவிட்டார். சின்னவள் வீட்டில் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெரியவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்தாள். நாலேகாலுக்குப் போன் எடுத்தாள். "கிளம்பிட்டேன்க்கா. குடை இருக்கு." எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. பழையபடி ஆனதுதான் பெரியவளை அரித்தது. கோட்டைத் துழாவினாள். லேபிள் இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. இன்னொரு பதினாலு வருடமா?

கெடுத்தவள் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கினாள். ஜன்னல் ஓரத்து மேசையைக் காலிசெய்தாள். கணவரின் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டாள். "மேட்ச்ல கடைசி ஓவர்மா!" என்று அவர் அலறினார். "வெளிய போய்ப் பாருங்க." மேல்வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் கொஞ்சம் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஏன் என்று கேட்டார்கள். பதில் நாக்கு நுனிவரை வந்தது. "தலைவலி" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"உக்காரு. எழுது. யாரும் வர மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்" என்று தங்கையை மேசையில் உட்காரவைத்தாள். தானும் எதிரே பீன்ஸோடு உட்கார்ந்தாள். "ஃபேன் கூட்டவா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெளிச்சம் போதுமா?" அப்புறம், "பேனா எழுதுதா?"

சின்னவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அக்கா, நீ என்னைச் செக் பண்ற."

"நானா? நான் பீன்ஸ்தான் நறுக்கறேன்."

"அஞ்சு நிமிஷமா ஒரே பீன்ஸை நறுக்கற."

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கணவர் சொன்னார்: "எங்க டிப்போலயும் இப்படித்தான். மேனேஜர் பக்கத்துல நின்னா நட்டு கழலாது. டீ குடிக்கப் போனார்னா தானா கழண்டு கையில வந்துடும்."

அன்று பெரியவள் தன் போனை எடுத்து, தங்கையை எத்தனை முறை கூப்பிட்டிருக்கிறாள் என்று பார்த்தாள். அந்த இருபத்திமூன்றாம் தேதி மட்டும் பதினாலு முறை. பால் வாங்கிவரச் சொல்லி ஒன்று. பால் வேண்டாம் என்று ஒன்று. மற்றது எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. சின்னவளைத் தோளில் தட்டுகிறவர்களில் முதல் ஆள் யார் என்று கண்டுபிடிக்க அதற்கு மேல் எண்ண வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு கூப்பிடுவதைக் குறைத்தாள். அது பீடி விடுவதுபோல இருந்தது என்பார் கணவர். அவருக்குத் தெரியும், அவர் விட்டவர். இடைவேளையில் கை தானாகப் போனுக்குப் போகும். ரேடியோவின் பக்கம் திரும்பி ஏதாவது பேசிக் கையை அடக்குவாள். கோட்டைத் துழாவுவதையும் நிறுத்தினாள். அது இன்னும் கஷ்டம். துணியைத் துழாவாமல் துவைப்பது அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெருவைக் கடப்பதுபோல.

மூன்று வாரம் போனது. ஒரு புதன்கிழமை கணவர், "சின்னவ இப்பல்லாம் அஞ்சரை ஆக்கிடறா, பாத்தியா?" என்றார். பெரியவளுக்கு நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. மறுநாள் நாலேகாலுக்கு ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தாள். அணைந்திருந்தது.

சந்தோஷம் ஒரு நிமிடம்தான் நின்றது. அறைக்குத்தான் பூட்டாயிற்றே, எங்கே போகிறாள்? கதைதான் எழுதுகிறாளா? கதை என்பதற்கு இதுவரை என்ன சாட்சி? அவள் வாய்வார்த்தை ஒன்றுதான். ஒரு வரி படித்ததில்லை. இருபது நாளில் மூன்று என்று பார்த்தால் சரிதான். ஆனால் ஒரு கெட்டிக்காரி தேதியை மாற்றி எழுத முடியாதா? இல்லை, தேதி அச்சில் இருந்தது. அச்சு பொய் சொல்லாது. இப்படியே ஒரு நாள் முழுக்கத் தனக்குள் வழக்காடினாள். விடுப்புச் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்துத் தேதிகூட எழுதிவிட்டாள். பிறகு அதை நாலாக மடித்து, ஆடுகிற செக்கிங் மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் அவள் போன் அடித்தது. தெரியாத எண்.

"நான் சிஸ்டர் பேசறேன்."

"இல்லீங்க, நான்தான் சிஸ்டர்" என்றாள் பெரியவள். "அக்கா."

"அம்மா, நான் ஆஸ்பத்திரி ஹெட் சிஸ்டர். உங்க தங்கச்சி பாரத்துல உங்க நம்பர் இருந்துச்சு." குரல் தாழ்ந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு மாடியில நீங்க சத்தம் போட்டீங்களாம். மூணு கருன்னு. இங்க ஒரு மாதிரியாப் பேசிக்கிறாங்க. அந்தப் பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குது. இப்ப பின்பக்கம் தண்ணித் தொட்டிகிட்ட தினமும் அரை மணி நேரம் தனியாப் போய் நிக்குதாம். நிரந்தரம் பண்ற பேப்பர் திங்கட்கிழமை போகுது. நான் கையெழுத்துப் போடணும். எதா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. என்ன விஷயம்?"

பெரியவளின் காது சூடாகிவிட்டது. தான் கத்திய வார்த்தை ஒரு மாதமாக அந்த ஆஸ்பத்திரியின் எல்லா மாடியிலும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. சின்னவள் தினமும் அதற்கு நடுவே நடந்து போய் லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் ஒரு மூச்சு விடவில்லை.

உண்மையைச் சொன்னால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். 'என் தங்கச்சி கதை எழுதறாங்க!' அந்த வாக்கியம் அவள் வாய்க்குள் வெல்லக்கட்டிபோல இருந்தது. சொன்னால் அவப்பேர் போகும். கூடவே ஹெட் சிஸ்டர் லேபில் சொல்வார். லேப் வார்டுக்குச் சொல்லும். லிப்ட் ஓட்டுகிறவன், "அடுத்த கதை எப்போ?" என்று கேட்பான். தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு பூட்டு வந்த மாதிரிதான்.

எதிரே ரேடியோ டீயோடு காதையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"முட்டைங்க" என்றாள் பெரியவள்.

"என்னம்மா?"

"முட்டை. மஞ்சக் கரு." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "அவளுக்குக் கொலஸ்ட்ரால் இருக்குங்க. மஞ்சக் கருவைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். எனக்குத் தெரியாம ஒரே நேரத்துல மூணு தின்னிருக்கா. மூணு முழுக் கரு! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பெத்த பிள்ளையா வளத்தவ நான்."

"இந்த வயசுலயா? எவ்வளவு இருந்துச்சு?"

போன மாதம் கணவரின் ரிப்போர்ட்டில் பார்த்த எண் கைகொடுத்தது. "இருநூத்தி நாப்பத்தெட்டு."

"அடடா!"

"அதான் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்காங்க. போனைக் கையில வெச்சிருந்தா நின்னு நின்னு பாப்பான்னு அணைச்சு வெக்கச் சொல்லியிருக்கேன். மனுஷங்க இல்லாத இடமா பாத்து நடக்கறா. வெக்கப்படற பொண்ணு. நீங்க கேட்டதா சொல்லாதீங்க."

"இதுக்கா இவ்வளவு கூத்து! நான் பாத்துக்கறேன்மா. யாரும் அந்தப் பக்கம் போகாம நான் சொல்லிவைக்கறேன்."

பெரியவள் போனை வைத்தாள். வாழ்க்கையில் அவள் இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை. சொன்னதை மனசுக்குள் விரித்து விரல் ஓட்டிப் பார்த்தாள். பிசிறு எதுவும் தட்டுப்படவில்லை.

"உன் தங்கச்சிக்குக் கொலஸ்ட்ராலா?" என்றாள் ரேடியோ, கண்ணை இடுக்கிக்கொண்டு.

"ஆமா. நாலு லைனுக்கும் சொல்லிடு" என்றாள் பெரியவள்.

திங்கட்கிழமை ஐந்தரைக்குக் கொஞ்சம் தாண்டிச் சின்னவள் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். பெரியவள் அரை நாள் விடுப்பில் முன்னாலேயே வந்து அடுப்படியில் இருந்தாள். அந்த விடுப்பைத் தங்கையைப் பின்தொடர எடுக்கவில்லை. பின்தொடராமல் இருக்கத்தான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குக் கொலஸ்ட்ரால் இருநூத்தி நாப்பத்தெட்டுன்னு எனக்கு ஏன்க்கா யாரும் சொல்லல?"

"கையெழுத்து ஆச்சா?"

"ஆச்சு. அதோட, கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் ஹெட் சிஸ்டர் என் தட்டுலேருந்து முட்டையை எடுத்து, ரெண்டாப் பிளந்து, மஞ்சளைத் தோண்டி எடுத்துட்டாங்க. தரை துடைக்கிற அம்மா வந்து, 'இனிமே நாக்கைக் கட்டுடி பொண்ணே'ன்னு கன்னத்தைத் தட்டிட்டுப் போகுது. லிப்ட்காரர் என்னை லிப்ட்ல ஏத்த மாட்டேங்கறார். படியில நடக்கணுமாம்."

"தொட்டிப் பக்கம்?"

"ஒரு ஈ காக்கா வரல." சின்னவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீ உண்மையைச் சொல்லியிருக்கலாமே. எழுதறான்னு ஒரு வார்த்தை. உனக்கு எவ்வளவு ஆசையா இருந்திருக்கும்."

"பாதி தச்சதை எப்படி அனுப்பறது?" என்றாள் பெரியவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. என்ன கதை, எத்தனை லேபிள் ஆயிற்று, குடையை வைத்துவிட்டுப் போனவன் யார், திரும்பி வந்தானா என்று நாலைந்து கேள்வி தொண்டையில் வரிசை கட்டி நின்றன. அவற்றை விழுங்கிவிட்டு, அவித்த முட்டைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தோலுரித்தாள். தங்கைக்கு இரண்டு, கணவருக்கு இரண்டு.

"உக்காரு. இங்க எந்தச் சிஸ்டரும் இல்ல. முழுசாத் தின்னு."

சின்னவள் உட்கார்ந்தாள். மஞ்சளைத்தான் முதலில் தின்றாள்.

கணவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து தன் தட்டைப் பார்த்தார். முட்டை இருந்தது; நடுவில் குழி இருந்தது. "ஏம்மா, அவளுக்கு மட்டும் முழுசா? எனக்கும் அதே இருநூத்தி நாப்பத்தெட்டுதானே?"

"உங்களுக்கு இருக்கறது நிஜம்" என்று சொல்லி, அவர் தட்டிலிருந்து எடுத்துவைத்திருந்த இரண்டு மஞ்சள் கருவையும் பெரியவள் தங்கையின் தட்டில் போட்டாள்.